‘த்ரொஸ்ட் இ தாக்லாம்பா’ (1955): திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பழைய நார்வே நகைச்சுவைப் படத்தைப் பற்றி எப்போது பேச்செடுத்தாலும் நண்பர்கள் அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். படம் சிரிக்க வைக்கிறது, ஆனால் எதற்காகச் சிரிக்கிறோம் என்பது பாதி பேருக்குப் பிடிபடுவதில்லை. அந்த ஊரில் யார் மேல், யார் கீழ் என்று தெரியாவிட்டால் பாதிப் படம் கைநழுவிப் போகும். அதனால் கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே எழுதி, கீழே பதில் சொல்லியிருக்கிறேன். கதையின் முடிவை எங்கும் சொல்லவில்லை.

முதல்ல இது என்ன படம், சுருக்கமா சொல்லுங்க?

1955-இல் வெளிவந்த நார்வீஜியப் படம். இயக்கியவர் எரிக் போர்கெ. ஆல்ஃப் ப்ரொய்சன் 1950-இல் எழுதிய நாவல்தான் மூலம். கிரேத்தெ நூர்ட்ரோவும் மார்ட்டின் கிஸ்டியும் முக்கிய வேடங்களில் நடித்திருக்கிறார்கள்.

குன்வோர் ஸ்மிக்ஸ்தூகுன் என்ற பெண் நகரத்தில் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்புகிறாள். அவள் மாறியிருக்கிறாள். ஊரின் மேல்-கீழ் கணக்கு மட்டும் அவள் விட்டுப்போன இடத்திலேயே நிற்கிறது. படம் முழுக்க இந்த உரசல்தான்.

பெயரே வாயில் நுழையலையே, என்ன அர்த்தம்?

‘த்ரொஸ்ட்’ என்றால் பூங்குருவி. ‘தாக்லாம்பா’ என்றால் கூரையிலிருந்து தொங்கும் விளக்கு. ஆக, ‘கூரை விளக்கில் பூங்குருவி’. காட்டில் பாட வேண்டிய பறவை வீட்டுக்குள், அதுவும் விளக்கில்! பெயரிலேயே ஏதோ ஒன்று தன் இடத்தில் இல்லை என்ற உணர்வு வந்துவிடுகிறது. நார்வீஜிய மொழியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றினால் ‘ஆறுதல்’ என்ற சொல் கிடைக்கும். அதனால் ‘விளக்கில் ஆறுதல்’ என்று சிலர் தவறாக மொழிபெயர்த்துவிடுகிறார்கள். இங்கே இருப்பது பறவைதான்.

ஆல்ஃப் ப்ரொய்சன் குழந்தைகளுக்கு எழுதினவர் இல்லையா? அவருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டும் அவர்தான். தேக்கரண்டி அளவுக்குத் திடீரென்று சுருங்கிப்போகும் பாட்டியின் கதைகளை எழுதியவர் அவரே. ஜப்பானியர்கள் 1983-இல் அதைத் தொலைக்காட்சி அனிமேஷன் தொடராகக் கூட எடுத்தார்கள். வானொலியில் குழந்தைகள் நேரத்தில் அவர் குரலைக் கேட்டு ஒரு தலைமுறையே வளர்ந்தது. பெரியவர்களுக்கு அவர் எழுதிய ஒரே நாவல் இது.

அவர் 1914-இல் ரிங்சாக்கர் பகுதியில் ரூட்ஸ்ஹொக்டா என்ற இடத்தில் பிறந்தார். நார்வேயின் மிகப்பெரிய ஏரியான ம்யோசாவுக்குப் பக்கத்து ஊர். அப்பா பெயர் ஓலாஃப் என்பதால் இவர் பிறந்தபோது ஆல்ஃப் ஓலாஃப்சன். வளர்ந்தது ஒரு பெரிய பண்ணையின் ஓரத்தில் இருந்த ஹூஸ்மன் குடியிருப்பில் (ஹூஸ்மன் என்றால் யார் என்று கீழே வருகிறது). அந்தக் குடியிருப்பின் பெயர் ப்ரொய்சன், அதாவது பிரஷ்யா. அதையே பின்னாளில் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். எழுத்தாளர் ஆவதற்கு முன் பண்ணைகளில் மாடு பார்க்கும் ஆளாக வேலை செய்தார். ஆகவே இந்தக் கதையை அவர் வெளியிலிருந்து வேடிக்கை பார்த்து எழுதவில்லை. தொழுவத்துப் பக்கத்திலிருந்து பெரிய வீட்டைப் பார்த்த கண்ணோடு எழுதினார்.

நார்வேயில் எல்லோரும் சமம்தானே? அங்கே ஏது மேல் கீழ்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். இந்த எண்ணம் வரக் காரணம் இருக்கிறது. நார்வேயில் பிரபுக்கள் வர்க்கம் மிகச் சிறியது. அதையும் 1821-இல் சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்கள். ஐரோப்பாவின் பல நாடுகளைப் போல மொத்த நிலமும் கோட்டைவாசிகள் கையில் இருக்கவில்லை. உழவர்களே நிலத்துக்குச் சொந்தக்காரர்களாக இருந்தார்கள். 1814 அரசியல் சாசனம் அவர்களுக்கு வாக்குரிமையும் தந்தது. அந்தக் கால ஐரோப்பாவில் அது பெரிய விஷயம்.

ஆனால் ‘உழவர்’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்று பார்க்க வேண்டும். பதிவேட்டில் ஏறிய நிலம் வைத்திருந்தவருக்குத்தான் வாக்கு. அதே நிலத்தில் கூலிக்கு உழைத்தவருக்கு இல்லை. எல்லா ஆண்களுக்கும் வாக்கு வந்தது 1898-இல், பெண்களுக்கும் முழுமையாக வந்தது 1913-இல். ஏழைகளுக்கான உதவித்தொகை வாங்கினால் வாக்குரிமை பறிபோகும் என்ற விதி 1919 வரை இருந்தது. ப்ரொய்சன் பிறந்து ஐந்து வருடம் கழித்து! சமத்துவ நார்வே என்று நாம் சொல்வது அவ்வளவு சமீபத்தியது.

ஹூஸ்மன் என்றால் யார்? பண்ணையடிமையா?

அடிமை இல்லை. நினைத்தால் கிளம்பிப் போகலாம், சட்டப்படி சுதந்திர மனிதர். ஆனால் போக இடம் வேண்டுமே. பெரிய பண்ணைக்காரர் தன் நிலத்தின் ஓரத்தில், பெரும்பாலும் மேட்டிலோ காட்டு விளிம்பிலோ, ஒரு துண்டு நிலமும் குடிசை போட இடமும் தருவார். அதற்கு ஈடாக அந்தக் குடும்பம் பண்ணையில் கடமை வேலை செய்ய வேண்டும். எத்தனை நாள், என்ன கூலி என்பதெல்லாம் பண்ணைக்காரர் வைத்ததுதான் சட்டம். அறுவடைக்கு அழைப்பு வந்தால் உடனே போயாக வேண்டும். தன் துண்டு நிலத்தில் முற்றிய கதிரை அதற்கு அப்புறம், இரவிலோ ஓய்வு நாளிலோ அறுத்துக்கொள்ள வேண்டியதுதான். பிள்ளைகள் தேவாலயத்தில் உறுதிப்பூசுதல் (ஞானஸ்நானத்தைத் தாங்களே உறுதிசெய்யும் சடங்கு) முடிந்ததும், பதினான்கு பதினைந்து வயதில், பண்ணை வேலைக்குப் போவார்கள்.

1850-களில் இந்த முறை உச்சத்தில் இருந்தது. நிலத்துண்டு வைத்திருந்த ஹூஸ்மன் குடும்பத் தலைவர்கள் மட்டும் ஏறத்தாழ 65,000 பேர். அதற்குச் சற்று முன், 1848 டிசம்பரில், மார்கஸ் த்ரானெ என்ற பத்திரிகையாளர் திராமென் நகரத்தில் ஒரு தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். இரண்டே வருடத்தில் அது சுமார் 30,000 பேர் கொண்ட இயக்கமாக வளர்ந்தது. நகரத் தொழிலாளிகளோடு ஹூஸ்மன்களும் அதில் திரளாகச் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் வாக்கு வேண்டும் என்பது அவர்களுடைய முதன்மையான கோரிக்கைகளில் ஒன்று. 1851-இல் த்ரானெயைக் கைது செய்து சிறையில் போட்டார்கள். விடுதலைக்குப் பின் அவர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அதே 1851-இல் வந்த சட்டம், ஹூஸ்மன் ஒப்பந்தத்தை எழுத்தில் தர வேண்டும் என்றது. கிடைத்தது அவ்வளவுதான்.

அமெரிக்காவுக்குப் போனது த்ரானெ மட்டும் இல்லை. 1825-இல் தொடங்கி ஒரு நூறு ஆண்டில் ஏறத்தாழ எட்டு லட்சம் நார்வீஜியர்கள் கப்பலேறினார்கள். ஹூஸ்மன் குடும்பங்களும், நிலம் கிடைக்காத உழவர் பிள்ளைகளும் அதில் ஏராளம். ஊரில் மிஞ்சியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் ப்ரொய்சனின் மனிதர்கள்.

அப்போ 1955-லயும் ஹூஸ்மன் இருந்தாங்களா?

சட்டத்தில் இல்லை என்றே சொல்லலாம். 1928-இல் வந்த நிலச் சட்டம் ஹூஸ்மன்களுக்குத் தாங்கள் குடியிருந்த இடத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையைத் தந்தது. அதற்கு முன்பே பலர் வாங்கியும் இருந்தார்கள், பலர் வெளியேறியும் இருந்தார்கள்.

ஆனால் நார்வீஜிய மொழியில் ‘ஹூஸ்மன்ஸ்-ஓன்’ என்று ஒரு சொல் உண்டு. ‘ஹூஸ்மன் மனப்பான்மை’ என்று அர்த்தம். யாரும் கேட்காமலே பணிந்து போவது, தன் கருத்தை மென்று விழுங்குவது, பெரிய இடத்துக்காரர் முன்னால் உடம்பு தானாகக் குறுகுவது எல்லாம் இதில் அடங்கும். ‘தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது’ என்றும் சொல்வார்கள். நாம் கைகட்டி வாய்பொத்தி நிற்பது என்கிறோமே, அதேதான். ஹூஸ்மன் முறை போய்ப் பல காலம் ஆகியும் இந்தச் சொல் இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது. இந்தப் படத்தை நான் திரும்பத் திரும்பச் சிபாரிசு செய்வதற்குக் காரணமும் இதுதான்: பத்திரத்தில் பெயர் மாறிய பிறகும் முதுகெலும்பில் மிச்சமிருக்கும் அந்த வளைவைத்தான் இது எடுத்துக் காட்டுகிறது.

பெயரைச் சொன்னாலே ஆள் எந்த இடம்னு தெரிஞ்சிடுமாமே, எப்படி?

நார்வே கிராமங்களில் ஆளின் பெயரோடு அவர் வாழும் இடத்தின் பெயரும் ஒட்டிக்கொள்ளும். நிலையான குடும்பப் பெயர் வைத்தே ஆக வேண்டும் என்று 1923-இல் சட்டம் வந்தபோது பலர் அந்த இடப்பெயரையே பதிந்துகொண்டார்கள். இடப்பெயர்களுக்கோ ஒரு படிநிலை உண்டு. ‘-ஸ்தாட்’ என்று முடிகிற பெயர்கள் பொதுவாகப் பழைய பண்ணைகளுடையவை. ‘-ஸ்தூகுன்’ என்றால் சின்ன வீடு, குடிசை.

இப்போது கதாநாயகியின் பெயரைத் திரும்பப் படியுங்கள்: குன்வோர் ஸ்மிக்ஸ்தூகுன். நகரத்தில் எத்தனை வருடம் இருந்தாலும், எவ்வளவு நல்ல கோட்டுப் போட்டு வந்தாலும், ஊர்க்காரர்கள் அவள் பெயரைச் சொல்லும்போதே அவளைக் குடிசை வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். தன் பிறந்த இடத்தின் பெயரையே பெருமையோடு சூட்டிக்கொண்ட ஓர் எழுத்தாளர் இதை யோசிக்காமல் வைத்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

மொழி தெரியாதவங்களுக்கு எதெல்லாம் தவறிப்போகும்?

முதலில் வட்டார வழக்கு. ‘நான்’ என்பதற்கு எழுத்து நடையில் ‘யெய்’ என்பார்கள். ப்ரொய்சனின் சொந்தப் பகுதியான ஹெட்மார்க் பக்கத்தில் அது ‘யெ’. ‘இல்லை’ என்பதற்கு ‘இக்கெ’ என்பது அங்கே ‘இத்தெ’. ப்ரொய்சன் தன் பாட்டுகளிலும் கதைகளிலும் அந்தப் பேச்சை அப்படியே கொண்டுவந்தார். தொழுவத்திலும் சமையலறையிலும் மட்டும் கேட்ட பேச்சு வானொலியிலும் அச்சிலும் ஏறியபோது, அதைப் பேசியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, மரியாதைச் சொல். இன்றைய நார்வேயில் எல்லோருக்கும் ‘டூ’, அதாவது ‘நீ’. 1950-களில் ‘நீங்கள்’ என்பதற்கான ‘டீ’யும் புழக்கத்தில் இருந்தது. 1960, 70-களில்தான் அது மெல்ல மறைந்தது. நம் காதுக்கு நீ, நீங்கள் வித்தியாசம் பழக்கம் என்பதால் கொஞ்சம் கவனித்தாலே பிடித்துவிடலாம். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதில் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

குன்வோர் ஏன் நகரத்துக்குப் போனாள்? ஊரிலேயே வேலை இருந்திருக்குமே?

இருந்தது, அதே பண்ணையில், அதே சமையலறையில். அந்தக் காலத்துக் கிராமத்துப் பெண்களில் ஏராளமானோர் ஆஸ்லோவுக்கு வீட்டுவேலைக்குப் போனார்கள். அங்கேயும் வேலைக்காரிதான் என்றாலும், ஓய்வு நாளில் தெருவில் நடக்கும்போது இன்னார் மகள் என்று யாருக்கும் தெரியாது. அதன் அருமை அனுபவித்தவர்களுக்குத்தான் புரியும்.

இன்னொரு பக்கம், போருக்குப் பின் டிராக்டர் வந்து குதிரையையும் பண்ணையாளையும் ஒரே வீச்சில் வெளியேற்றியது. 1950-களின் ஊர் என்பது ஆட்கள் கிளம்பிக்கொண்டே இருந்த ஊர். ஒருத்தி திரும்பி வருவதே அங்கே ஒரு நிகழ்ச்சி.

இவ்வளவு வலி இருக்கிற விஷயத்தை எப்படிக் காமெடி என்கிறார்கள்?

நல்ல கேள்வி. இதற்கு எனக்கே வெகுநாள் பதில் தெரியவில்லை.

நகைச்சுவைக்குத் தேவை விதிகள். எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத விதிகள். பெரிய பண்ணைகளில் வேலைக்காரர்களுக்கென்று தனி வீடு இருக்கும். எந்த வாசலில் நுழைவது, சமையலறையில் உட்காருவதா விருந்தறையில் உட்காருவதா என்பதெல்லாம் எழுதாமலே எல்லோருக்கும் மனப்பாடம். இப்படிப்பட்ட ஊருக்குள் விதியை மறந்த ஓர் ஆளை, அல்லது மறந்தது போல நடக்கிற ஆளை விட்டுவிட்டால் போதும். மேலே இருப்பவருக்குக் குழப்பம், கீழே இருப்பவருக்கு அதைவிடப் பெரிய குழப்பம். இத்தனை நாள் ஒளிந்திருந்த விதிகள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வரும். சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது.

இதையே சோகப்படமாக எடுத்திருந்தால் பண்ணைக்காரர் கெட்டவர், ஏழை நல்லவர் என்று முடிந்திருக்கும், பார்ப்பவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். சிரித்தவருக்கு அந்த வசதி இல்லை. தன் சித்தப்பாவையோ அத்தையையோ, சில சமயம் தன்னையே, திரையில் பார்த்துவிட்டுத்தான் சிரிக்கிறார். ப்ரொய்சனை வெகுகாலம் ‘பாட்டுக்காரர், வானொலிக்காரர்’ என்று இலக்கிய உலகம் தள்ளிவைத்ததற்கும் இந்த எளிமையே காரணம் என்று நினைக்கிறேன். எளிதாகச் சிரிக்க வைப்பவர் ஆழமாக எதுவும் சொல்லமாட்டார் என்ற தப்பெண்ணம் எல்லா ஊரிலும் உண்டு.

நார்வே முழுக்க இப்படித்தானா?

இல்லை. மேற்குக் கடற்கரையில் மலைக்கும் கடலுக்கும் நடுவே சின்னச் சின்ன நிலங்கள். அங்கே உழவருக்கும் ஹூஸ்மனுக்கும் சாப்பாட்டில் கூடப் பெரிய வித்தியாசம் இருக்காது. ம்யோசா ஏரியைச் சுற்றிய கிழக்குப் பகுதி வேறு. அகன்ற தானிய வயல்கள், வெள்ளை பூசிய பெரிய வீடுகள், ஒரு பண்ணைக்குப் பல ஹூஸ்மன் குடியிருப்புகள். நாட்டிலேயே ஏற்றத்தாழ்வு மிகக் கூர்மையாக இருந்த கிராமப்புறங்களில் இதுவும் ஒன்று.

இது பிறப்பால வர்ற தகுதியா, பணத்தால வர்றதா?

இரண்டையும் முடிச்சுப் போட்டது நிலம். நார்வேயில் ‘ஓடல்’ உரிமை என்று ஒன்று இருக்கிறது. குடும்பப் பண்ணையைப் பிரிக்காமல் ஒரே வாரிசு எடுத்துக்கொள்ளும் உரிமை. அரசியல் சாசனமே அதைப் பாதுகாக்கிறது. வெகுகாலம் மூத்த மகனுக்கே முன்னுரிமை. 1974 சட்டத்துக்குப் பிறகுதான் மகனோ மகளோ, மூத்த பிள்ளைக்கு என்று மாறியது.

இதனால் பண்ணைகள் துண்டுதுண்டாகாமல் தப்பின. ஆனால் மற்றப் பிள்ளைகள்? ஒருவன் பக்கத்துப் பண்ணைப் பெண்ணைக் கட்டினான், ஒருவன் கப்பலேறினான், இன்னொருவன் அண்ணன் நிலத்தின் ஓரத்திலேயே ஹூஸ்மன் ஆனான். இரண்டு தலைமுறை போனால் பெரிய வீட்டுக்காரரும் குடிசைக்காரரும் ஒரே கொள்ளுத்தாத்தாவின் வாரிசுகள். ஒரே தேவாலயம், ஒரே மதம், ஒரே ரத்தம், ஆனால் சம்பந்தம் பேச முடியாது. ஊர் முழுக்கச் சொந்தக்காரர்களாக இருந்தும் இவ்வளவு தூரம் இருப்பதை மனதில் வைத்துப் பார்த்தால் படத்தின் பல மௌனங்கள் புரியும்.

அப்போ பண்ணைக்காரங்கதான் வில்லனா?

அப்படிப் பார்த்தால் படத்தைத் தவறவிடுவோம். அந்தப் பெரிய வீடுகளுக்கும் நடுக்கம் இருந்தது. 1920-களின் பிற்பாதியிலும் 1930-களிலும் விளைபொருள் விலை சரிந்து, கடனில் மூழ்கிய பண்ணைகள் ஏராளமாக ஏலத்துக்கு வந்தன. அந்த ஏலங்களைத் தடுக்கவே 1931-இல் உழவர்கள் ஓர் அமைப்பு தொடங்கும் அளவுக்கு நிலைமை மோசம். ஒரு தலைமுறைக்குள் எல்லாம் போய்விடலாம் என்று கண்ணால் கண்டவர்கள், மிச்சமிருக்கும் கௌரவத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள்தானே. கீழே இருந்து ஏறி, ஒரு படி மேலே வந்ததும் கீழ்ப்படியில் இருப்பவரை அதட்டுகிறவர்களும் எந்த ஊரிலும் உண்டு. அவர்களைப் ப்ரொய்சனுக்கு நன்றாகவே தெரியும்.

இதைத்தான் ‘யான்டே விதி’னு சொல்றாங்களா?

இல்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘நீ எங்களைவிட உசத்தி என்று நினைக்காதே’ என்ற அந்த விதியை அக்செல் சாண்டெமோசெ 1933-இல் தன் நாவலில் எழுதினார். அவர் மனதில் இருந்தது டென்மார்க்கில் அவர் வளர்ந்த சிறு நகரம். அது சமமானவர்கள் ஒருவரையொருவர் கீழே இழுக்கும் கதை. இங்கே இருப்பது, சமமாக இல்லாதவர்கள் அவரவர் படியில் நிற்கும்படி எதிர்பார்க்கப்படும் கதை. குன்வோர் மேல் இரண்டும் சேர்ந்து விழுகிறது என்று வேண்டுமானால் சொல்லலாம்: பெரிய வீட்டுக்கு அவள் கீழே, குடிசைக்காரர்களுக்கு அவள் திமிர் பிடித்தவள்.

அந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் பார்த்தார்கள்? கிராமத்தில் தியேட்டர் இருந்ததா?

நார்வேயில் 1913-இல் வந்த சட்டப்படி, திரையரங்கு நடத்த உரிமம் தருவது உள்ளாட்சியின் கையில். பல உள்ளாட்சிகள் தாங்களே அரங்குகளை நடத்தத் தொடங்கின. லாபம் ஊருக்கே போனது. 1932-இல் உள்ளாட்சிகள் சேர்ந்து ‘நார்ஸ்க் ஃபில்ம்’ என்ற தயாரிப்பு நிறுவனத்தையும் தொடங்கின. தொலைக்காட்சி அதிகாரபூர்வமாக வந்தது 1960-இல்தான். ஆகவே 1955-இல் பண்ணைக்காரரும் பண்ணையாளும் தங்களைப் பற்றிய படத்தை ஒரே அரங்கில், ஒரே இருட்டில் உட்கார்ந்து பார்க்க முடிந்தது. யார் எந்த இடத்தில் சிரித்தார்கள் என்று கேட்க எனக்கு ரொம்ப ஆசை.

புத்தகம் முதலிலா, படம் முதலிலா?

நார்வீஜியம் தெரிந்தால் புத்தகம். தெரியாவிட்டால் ப்ரொய்சனின் பாட்டுகளை முதலில் கேளுங்கள், அந்தப் பேச்சின் ஓசை காதில் ஏறட்டும், அப்புறம் படம். ம்யோசா பக்கம் போகும் வாய்ப்பு இருந்தால் ரூட்ஸ்ஹொக்டாவில் இறங்குங்கள். அவர் வளர்ந்த சின்ன வீட்டை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். வாசலில் ஒரு நிமிடம் நின்று, அங்கிருந்து பண்ணை வயல்கள் இருக்கும் பக்கம் பாருங்கள்.